உயிரியந்திரச் சித்திரம்

மனிதன் தன் உடலையே ஏடாகக் கொண்டு எழுதும் வழக்கம் மிகத் தொன்மையானது. 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியினிடையே கண்டெடுக்கப்பெற்ற ஓர் ஆடவன் உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுகட்கு முற்பட்டதென அறிஞர் கணித்தனர். அவ்வுடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பெற்றுள்ளன. அவை கரியால் இட்ட சிறு கோடுகளும் குறுக்குக் கோடுகளுமேயாம். அன்று தொட்டு இன்றுகாறும் பச்சை குத்தும் கலை எத்துணையோ வகையாய்ப் பெருகியுள்ளது. அவ்வகைகளுள் ஒன்றை, அஃதாவது கரிய மை ஒன்றே கொண்டு உடலினுள் இயந்திரம் இயங்குவதாகக் காட்டும் வகையை, ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதனை ஆங்கிலத்திற் பயோமெக்கானிக்கல் என்பர். உயிர், இயந்திரம் என்னும் இரண்டன் பொருளும் அச்சொல்லில் அடங்கியிருத்தலின், உயிரியந்திரச் சித்திரம் என நாம் பெயரிட்டு வழங்குவோம். கையின் தோல் கிழிந்து விலகினாற்போல ஓரிடம் தோன்றும். அக்கிழிசலினுள்ளே, தசை இருத்தற்குரிய இடத்திற் பற்சக்கரமும் பிஸ்டனும் சுருள்வில்லும் குழாயும் மரையாணியும் காணப்படும். சிலவற்றில் எலும்பே இரும்புத் தண்டாகும், நரம்பே கம்பியாகும். இது தசை, இது உலோகம் என எளிதிற் பிரித்தறியலாகாதவாறு இரண்டும் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்றலே இதன் இலக்கணம்.

இச்சித்திரத்தை வெறும் வேடிக்கையென விலக்குவாரும் உளர். புதுமையென விரும்புவாரும் உளர். இருதிறத்தாரும் கருதற்பாலதாகிய வினா ஒன்றுண்டு. உயிருள்ள மனிதனை உயிரற்ற பொறியாக எழுதுதல் எப்பொழுது தகும், எப்பொழுது தகாது? இதற்கு விடை காண்டலே நமது நோக்கம்.

திணையும் வழுவும்

தமிழ் இலக்கணம் பொருள்கள் யாவற்றையும் உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்தது. மக்கட் சுட்டு உயர்திணையின்பாற்படும். விலங்கும் உயிரில் பொருளும் அஃறிணையின்பாற்படும். ஒன்றற்குரிய சொல்லை மற்றொன்றற்கு வழங்கின் அது திணை வழுவாம். ஆயினும், நன்னூலார் அவ்வழுவைச் சில காரணம் பற்றி ஏற்றுக்கொள்கின்றார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என்பன அக்காரணங்கள். ஒருவன் தான் வளர்க்கும் பசுவை அன்னை எனின், அது மகிழ்ச்சி பற்றி வந்தது. அறிவு குறைந்தானை மாடு எனின், அது இழிவு பற்றி வந்தது. வழுவேயாயினும் காரணம் உண்மையின் அமைத்துக்கொள்ளப்படுதலால் வழுவமைதி எனப் பெயர் பெற்றது.

உயிரியந்திரச் சித்திரமும் கண்ணாற் காணத்தக்க ஒரு திணை வழுவே. மனிதன் உயர்திணை, பொறி அஃறிணை. ஒருவன் கையைப் பொறியாக எழுதும்போது இவ்வெல்லை மீறப்படுகின்றது. மீறுதற்குக் காரணம் யாது, அக்காரணம் வழுவை அமைக்கப் போதியதா என்று வினவுதல் தமிழ் பயில்வார்க்கு இயல்பு. அதனை ஆராய்தற்கு முன், இக்கலை வந்த வழியும் இயலும் முறையும் அறிதல் வேண்டும்.

வந்த வழி

இக்கலையில் இரண்டு ஓடைகள் வந்து கலந்தன. முதலாவது ஸ்விட்ஸர்லாந்து நாட்டு ஓவியர் ஹான்ஸ் ரூடி கீகரிடமிருந்து வந்தது. 1940-இற் பிறந்த இவர் சூரிச் நகரிற் கட்டடக்கலையும் தொழில்வடிவக் கலையும் பயின்றார். ஏர்பிரஷ் என்னும் மைதூவு கருவியால், கருமையும் சாம்பலும் மங்கிய பழுப்புமே மிக்க பெரிய ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் முதுகெலும்பு குழாயாக நீளும். விலாவெலும்பு இயந்திரத்தின் சட்டமாக வளையும். 1977-இல் நெக்ரோநோமிகான் என்னும் அவரது ஓவியத் தொகுதி வெளிவந்தது. அதனைக் கண்டு வியந்த இயக்குநர் ரிட்லி ஸ்காட், ஏலியன் என்னும் தம் திரைப்படத்தில் வரும் அச்சந்தரும் உயிரை வடிவமைக்க அவரை அமர்த்தினார். அப்படம் 1979-இல் வெளிவந்தது. அதன் காட்சி விளைவுகட்காக 1980-இல் வழங்கப்பெற்ற ஆஸ்கார் பரிசைப் பெற்றோருள் கீகரும் ஒருவர். 1998-இல் க்ரூயேர் என்னும் ஊரில் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2014-இல் அவர் மறைந்தார். தாளிலும் திரையிலும் அவர் காட்டியதைத் தோலின்மேற் கொணர்ந்தோர் பச்சை குத்தும் கலைஞர். அவர்களுள் அமெரிக்கரான கை எய்ச்சிசன், ஆரன் கெய்ன் என்போர் 1990-களில் இதனை ஒரு தனி நெறியாக வளர்த்தனர்.

இரண்டாவது ஓடை சிறைச்சாலையினின்று புறப்பட்டது. கலிபோர்னியாச் சிறைகளில் இருந்த மெக்ஸிக மரபினரான சிக்கானோ மக்களுக்கு வண்ண மை கிடைத்திலது. ஆகவே அவர்கள் எரித்தெடுத்த கரியைக் குழைத்து மையாக்கினர். ஒலிநாடாப் பெட்டியின் சிறு மோட்டாரைக் கருவியாக்கினர். கிதார்க் கம்பியைத் தீட்டி ஒற்றை ஊசியாக்கினர். அம்மையை நீர்விட்டு நெகிழ்த்தி, மெல்லிய நிழல்களையும் எழுதப் பழகினர். இல்லாமையிற் பிறந்த இம்முறை, 1975-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் சார்லி கார்ட்ரைட், ஜாக் ரூடி என்னும் இருவர் நடத்திய குட் டைம் சார்லீஸ் டாட்டூலேண்ட் என்னும் நிலையத்தில் தொழிற்கலையாக உயர்ந்தது. சிறையில் இக்கலை பயின்ற பிரெடி நெக்ரெட்டே 1977-இல் அங்குச் சேர்ந்து அதனை மேலும் வளர்த்தார். கீகர் தந்த உருவமும் சிக்கானோ மக்கள் தந்த கருஞ்சாம்பல் முறையும் ஒன்று கூடியதே நாம் ஆராயும் சித்திரம்.

எழுதும் கருவியும் ஓர் இயந்திரமே என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. தாமஸ் எடிசன் 1876-இற் காப்புரிமை பெற்ற மின்பேனா, தாளிற் சிறு துளைகளிட்டுப் படியெடுக்க உதவியது. அதனைத் தழுவி நியூயார்க் நகரத்துச் சாமுவேல் ஓரைலி பச்சை குத்தும் மின்கருவிக்கு 1891-இற் காப்புரிமை பெற்றார். பிற்காலத்து வந்த காந்தச்சுருட் கருவி மின்மணி இயங்குமாறே இயங்கும். காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும்; இழுத்தவுடன் மின்தொடர்பு அறும்; அறவே துண்டு மீளும்; மீளவே தொடர்பு மறுபடியும் கூடும். இவ்வாறு ஒரு நொடிக்குப் பல பத்து முறை ஊசி எழுந்து தாழும்.

கருமையும் சாம்பலும்

கருஞ்சாம்பல் முறையில் மை ஒன்றே; அது கரித்துகளால் ஆகிய கருமை. இதனைக் காய்ச்சி வடித்த நீர் முதலியவற்றுடன் வேறுவேறு அளவிற் கலந்து மூன்று நான்கு சிறு கிண்ணங்களிற் கலைஞர் வைத்துக்கொள்வர். ஒன்றில் அடர்ந்த நிழல், ஒன்றில் இடைநிழல், ஒன்றில் மெல்லிய புகை போன்ற நிழல் அமையும். இவற்றுள் வெள்ளை யாண்டுளது எனின், தோலே வெள்ளையாம். ஒளி வீழும் இடம் மை தீண்டாது விடப்படும். எழுதாத இடமே ஒளியாதலின், எங்கே எழுதாது விடல் வேண்டும் என்பதை முன்னரே துணிந்து தொடங்குவோனே வல்லவன் ஆவான்.

கரிய மையால் குத்தியதைத் தமிழர் பச்சை என்றல் பொருத்தமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். ஒளியிலுள்ள செந்நிறக் கதிர் தோலினுள் ஆழச் சென்று கரியில் மறையும். நீலச் சார்பான கதிரோ பெரிதும் தோலிற் சிதறி மீளும். அதனால் உள்ளிருக்கும் கருமை நீலமும் பசுமையும் கலந்த நிறமாய்க் கண்ணுக்குத் தோன்றும். நம் முன்னோர் தாம் கண்டவாறே பெயரிட்டனர்.

நம்மனோரின் மாநிறத் தோலுக்கு ஒரு தனி விதியும் உண்டு. தோலுக்கு நிறந்தரும் மெலனின் மேல்தோலிலே இருக்கின்றது. மையோ அதன்கீழ் உள்ளது. ஆகவே மையை நாம் ஒரு வண்ணத் திரையினூடே காண்பதுபோலக் காண்கின்றோம். மிக மெல்லிய சாம்பல் அத்திரையில் மறைந்துவிடும். ஆதலின் மாநிறத்தார்க்கு எழுதுவோர், மென்னிழலைக் குறைத்து, ஆழ்ந்த கருமையையும் அகன்ற வெற்றிடத்தையும் மிகுதியாகக் கொள்ளுதல் நன்று.

உடலின் வழி

இயந்திரத்தின் உயிர் நேர்கோடும் வட்டமும். உடலிலோ நேர்கோடும் இல்லை, நிறைவட்டமும் இல்லை. இதுவே இக்கலையின் பெருந்தடை. தாளில் அளந்து வரைந்த பற்சக்கரத்தை முழங்கைமேல் அப்படியே பதித்தால், கை மடங்கும்போது அது முட்டை வடிவாய்ச் சிதையும். முன்கையில் நேரே வரைந்த தண்டு, உள்ளங்கையைத் திருப்பியவுடன் முறுக்கிக்கொள்ளும். முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளுள் ஒன்று மற்றொன்றன்மேற் புரளுதலே இதற்குக் காரணம்.

ஆகலின் நல்ல கலைஞர் இயந்திரத்தை முதலில் வரைந்து பின் உடலை அதற்குள் அடக்க முயலார். உடலை முதலில் ஆராய்வர். கையைத் தொங்கவிட்டும் மடக்கியும் திருப்பியும் பார்க்கச் சொல்வர். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எது நிலைத்து நிற்கின்றது, எது புரள்கின்றது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, பேனாவால் தோலின்மேலேயே நேரே வரைவாரும் உளர். தோளின் உருண்ட தசைமேல் உருளைப் பூட்டு அமையும். அங்கே உண்மையிலும் எலும்பின் பந்துமுனையே சுழல்கின்றது. மேற்கையின் முன்தசைமேல் பிஸ்டன் அமையும். அத்தசையும் நீளவாட்டிற் சுருங்கி விரிவது. இவ்வாறு அமைந்த கையை மடக்கினால் சித்திரத்துப் பிஸ்டனும் அசைவதுபோலத் தோன்றும். இந்நெறிக்குப் பழைய சான்றும் உண்டு. 1543-இல் வெஸேலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலின் படங்களில், தோல் நீங்கிய மனிதன் தன் தசைகளைக் காட்டிக்கொண்டு நிற்கின்றான். தோலுக்குக் கீழுள்ளதைத் தெளிவாக அறிந்தோனே தோலின்மேல் அதனைப் பொய்யாகவும் எழுதவல்லன்.

உலோகமும் தசையும்

ஒரே மையால் இரும்பையும் தசையையும் வேறுபடுத்திக் காட்டுவது எங்ஙனம்? வேறுபாடு நிறத்தில் இல்லை. ஒளி இருளாக மாறும் விரைவில் உள்ளது. தசையின்மேல் ஒளி மெல்ல மெல்லத் தேய்ந்து நிழலாகும். மெருகிட்ட உலோகத்திலோ மிகுந்த ஒளியும் மிகுந்த இருளும் இடைநிலையின்றி அடுத்தடுத்து நிற்கும். நன்கு துலக்கிய வெண்கலக் குடத்தை நோக்குவார் இதனை அறிவர். அதன்மேல் வெள்ளொளிக் கோடும் கருங்கோடும் கூரிய விளிம்புடன் ஒன்றையொன்று ஒட்டி ஓடும். எலும்பு இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. மங்கிய ஒளியும் குறைந்த நிழலும் உடையது.

இவற்றோடு, ஒளி எத்திசையினின்று வருகின்றதென ஒன்றைத் துணிந்து, சித்திரம் முழுவதிலும் அதனையே காத்தல் வேண்டும். கிழிந்த தோலின் விளிம்பிற்குக் கீழே ஆழ்ந்த நிழல் விழாவிடின், உள்ளிருக்கும் பொறி மேலே ஒட்டிய தாள்போலத் தோன்றும். மேலும், சிறு சிறு மரையாணிகளை நெருக்கி எழுதுதல் கூடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல மைக்கோடுகள் சிறிது அகன்று விளிம்பு மழுங்கும். நெருங்கிய நுட்பங்கள் ஒன்றாய்க் கலந்து கறையாகும். இருபது ஆண்டு கழிந்த பின்னும் எவ்வாறு தோன்றும் என எண்ணி எழுதுதலே முறை.

தோல் காக்கும் முறை

தோல் இரண்டு அடுக்குடையது. மேல்தோல் சில வாரங்களுக்கொருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படும். ஆகலின் மை அதன்கீழுள்ள உள்தோலில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், சேர்தல் வேண்டும். ஆழம் குறையின் மை உதிரும். மிகின் பரவிக் கறைபடும்.

மை உள்ளே சென்றவுடன் உடல் அதனைப் பகையென அறிந்து, மாக்ரோபேஜ் என்னும் விழுங்கும் அணுக்களை ஏவுகின்றது. அவை கரித்துகளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க இயலாமல் அகத்தே வைத்துக்கொண்டு அங்கேயே தங்குகின்றன. அவ்வணுக்கள் இறந்தால் மை என்னாகும்? 2018-இல் பிரான்ஸ் நாட்டு மார்ஸேய் நகர அறிஞர் எலிகளிடத்துச் செய்த ஆய்வு இதனை விளக்கிற்று. ஓரணு இறந்து துகளை விட, பின்வரும் மற்றோரணு அத்துகளை மீண்டும் விழுங்கி ஏற்றுக்கொள்கின்றது. பச்சை அழியாது நிற்றற்குக் காரணம் மை கல்போற் கிடத்தலன்று. ஓருயிரணு மற்றோருயிரணுவிடம் அதனை ஒப்புவித்துக்கொண்டே வருதலாம்.

நமது வினாவிற்கு இது பெரிதும் துணைசெய்கின்றது. தோலின்மேல் தோன்றும் பொறியைத் தாங்கி நிற்பது பொறியன்று, உயிரே. பற்சக்கரம் போலக் காணப்படுவது, கணந்தோறும் பிறந்து இறக்கும் அணுக்களின் இடையறாத உழைப்பு. உடலை இயந்திரம் என்று சொல்லும் சித்திரமே, உடல் இயந்திரம் அன்று என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது.

கருதற்பாலன

நம் கல்லூரி நண்பருள்ளும் பச்சை குத்திக்கொள்ள எண்ணுவார் இருத்தல் கூடும். அவர் பொருட்டுச் சில கூறுவோம். தூய்மை செய்யாத ஊசியால் ஈரல் அழற்சி நோய்க் கிருமிகள் குருதியிற் புகும். ஆகவே ஒருமுறை பயன்படுத்தி எறியும் புதிய ஊசியைத் தம் கண்முன்னே பிரிக்கச் செய்தல் வேண்டும். மைத்துகளிற் சில நிணநீர்க் கணுக்களைச் சென்றடைதலும் ஆய்வுகளாற் கண்டறியப்பட்டுள்ளது. கரிய மைகளிற் சிலவற்றுள் தீங்குதரும் பொருள்கள் கலந்திருத்தலால், ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி முதற்கொண்டு பச்சை மைகளிற் சேரும் வேதிப்பொருள்களுக்குக் கடிய வரம்பிட்டது. காயம் ஆறியபின் தழும்பு தடித்து வளரும் இயல்பு மாநிறத்தாரிடம் மிகுதி. தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ அவ்வியல்பு உண்டாயின் மருத்துவரை முதற்கண் வினவுதல் நன்று. லேசர் ஒளியால் அழிக்கலாமே எனின், கரிய மை ஏனைய வண்ணங்களினும் எளிதில் அழியுமேனும், அதற்குப் பலமுறை அமர்தலும் பொருட்செலவும் நோவும் வேண்டும்.

சங்க காலத்து மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதிய தொய்யில் நீராடினால் அழிந்தது. மறுநாள் வேறெழுதலாம். பச்சையோ அத்தகையதன்று. பத்தொன்பது வயதிற் கொண்ட விருப்பத்தை அறுபது வயதிலும் சுமத்தல் வேண்டும் என்பதை மறவாதிருத்தல் கடன்.

வழுவும் அமைதியும்

இனி, முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். மனிதனைப் பொறியாக்கிய பச்சை ஒன்று வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியர் போலந்து மண்ணில் நடத்திய அவுஷ்விட்ஸ் முகாமில், 1941 முதற்கொண்டு கைதிகளின் உடலில் வரிசை எண்களைப் பச்சை குத்தினர். முதலில் மார்பிலும் பின்னர் இடது முன்கையிலும் அவ்வெண்கள் பதிக்கப்பட்டன. நச்சுவாயு அறைக்கு நேரே அனுப்பப்பட்டோர்க்கு எண்ணும் இடப்படவில்லை. கணக்கிலும் அவர் சேர்க்கப்படவில்லை. 1945 சனவரி 27-ஆம் நாள் முகாம் விடுவிக்கப்பட்ட பின்னரும், பிழைத்தோர் பலர் அவ்வெண்ணைச் சாகுமளவும் கையிற் சுமந்தனர். அவ்வெண்களிற் பற்சக்கரமோ பிஸ்டனோ வரையப்படவில்லை. ஆயினும் பெயருடைய மனிதர் எண்ணுடைய உறுப்புக்களாக்கப்பட்டனர். உயர்திணையை அஃறிணையாக்கிய இவ்வழுவிற்கு எக்காலத்தும் அமைதி இல்லை.

மற்றொரு புறம், உலோகம் உயிருக்குத் துணையாகிய செய்தியும் உண்டு. 1958-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நோயாளியின் உடலினுள் இதயத்துடிப்பைச் சீராக்கும் மின்கருவி முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. இன்று முறிந்த எலும்பிற்குத் தகடும், தேய்ந்த மூட்டிற்கு உலோக மூட்டும் வைத்து நடமாடுவோர் எண்ணற்றோர். அறுவையின் வடுவை மறைத்தற்கு, அவ்வடுவையே கிழிசலாகக் கொண்டு உயிரியந்திரம் எழுதிக்கொள்வாரும் உளர். வடு மையை ஒருசீராக ஏற்பதில்லை; ஆதலின் அதனை எழுதுதல் அரிது. ஆயினும் தான் பட்ட துன்பத்தைத் தானே வென்று தனக்கு அணியாக்கிக்கொள்ளுதல் சிறப்புப் பற்றி வந்த வழுவமைதி என்னலாம். கீகரின் ஓவியமோ அச்சம் பற்றியது. பொறி மனிதனை விழுங்கிவிடுமோ என்னும் இந்நூற்றாண்டின் நடுக்கமும் அதனுள் உண்டு. எச்சரிக்கை என்ற அளவில் அதுவும் ஏற்கத்தக்கதே.

இவற்றால் நாம் கொள்ளும் துணிபு இது. தன் உடலில் எழுதுவதைத் தானே விரும்பித் தெரிந்தெடுத்தல் ஒன்று. எழுதும் பொறி உடலின் வழி வளைதலன்றி, உடல் பொறியின் வழி வளையாமை ஒன்று. அழியாதென்பதை அறிந்து எழுதுதல் ஒன்று. இம்மூன்றும் பொருந்திய இடத்து வழு அமைதி பெறும். முதலாவது இல்லாத இடத்து ஏனைய இரண்டும் இருந்தும் பயனில்லை. பற்சக்கரத்தையும் பிஸ்டனையும் தாங்கிய கை, அவற்றை வேண்டுமென்று சொல்லும் உரிமையுடைய ஒருவன் கையாயிருக்குமளவும், அவன் உயர்திணையே.